பெர்சி: வடபுலத்தின் குடிப்பெயரும் ஹாட்ஸ்பரின் வீழ்ச்சியும்

நார்மண்டியிலுள்ள பெர்சி என்னும் ஊரின் பெயரைக் குடிப்பெயராகத் தாங்கி இங்கிலாந்துக்கு வந்த வில்லியம் டி பெர்சி, 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டில், அதாவது மன்னர் தொகுப்பித்த நிலவுடைமைப் பதிவேட்டில், யார்க்ஷயரின் பெருநிலக்கிழார்களுள் ஒருவராக இடம்பெறுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவரது ஆண்வழி அற்றுப்போக, குடும்பத்து மகளான ஆக்னஸை மணந்த லூவேனின் ஜோசெலினுக்குப் பிறந்த மக்கள் தாய்வழிப் பெயரையே ஏற்றனர். அப்பெயர் பதினெட்டாம் நூற்றாண்டில் மறுமுறையும் பெண்வழியாகப் பிழைத்தது அடுத்த இதழுக்குரிய செய்தி. ஆயினும் பிழைக்கவைக்கும் அளவுக்கு அப்பெயருக்குப் பெருமை தேடித் தந்தவரை விட்டுவிட்டு அங்கே செல்வது முறையன்று.

1309இல் ஆனிக் கோட்டையை விலைக்கு வாங்கி, 1377இல் நார்தம்பர்லாந்தின் ஏர்ல் என்னும் உயர்பிரபுப் பட்டத்தையும் பெற்ற இக்குடும்பத்தில் 1364இல் பிறந்த ஹென்றி பெர்சிக்கு, குதிரையை முடுக்கும் குதிமுள் ஓய்வறியாதவர் என்ற பொருளில் ஹாட்ஸ்பர் என்னும் பட்டப்பெயர் அமைந்தது. 1388இல் ஆட்டர்பர்னில் பொழுது சாயும் வேளையில் வந்து சேர்ந்தவர், விடியும்வரை பொறுக்காமல் ஸ்காட்லாந்துப் படைமீது பாய்ந்தார். எதிரித் தலைவர் டக்ளஸ் மாண்டும், சிறைப்பட்டவர் ஹாட்ஸ்பரே. 1402இல் ஹோமில்டன் குன்றிலோ நெடுவில்லாளர்களின் அம்புமழையே வெற்றியைத் தேடித் தந்தது. அங்கே பிடிபட்ட ஸ்காட்லாந்துப் பிரபுக்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு நான்காம் ஹென்றி கேட்டதும், வேல்ஸ் கிளர்ச்சியாளர் ஓவைன் கிளிண்டூரிடம் சிறைப்பட்டிருந்த ஹாட்ஸ்பரின் மைத்துனர் எட்மண்ட் மார்ட்டிமரை மீட்கப் பணம் தர மறுத்ததும், எல்லைக் காவலுக்குரிய தொகை நிலுவையில் நின்றதும் பகையை மூட்டின. 1399இல் பெர்சிகளின் தோள்மேல் ஏறி அரியணை அடைந்த மன்னர் காட்டிய இந்த நன்றியின்மையே கிளர்ச்சிக்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை.

1403 ஜூலை 21 அன்று ஷ்ரூஸ்பரியில், தந்தையின் படை வந்து சேருமுன்பே ஹாட்ஸ்பர் மன்னரை எதிர்கொண்டார். அவரது செஷயர் வில்லாளர்கள் அரசப்படையின் முன்னணியைச் சிதறடித்தனர். பதினாறு வயது இளவரசர் ஹென்றியின் முகத்தில் ஆறு அங்குல ஆழத்துக்குப் பாய்ந்த அம்புமுனையை, ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் தாமே வடித்த திருகு இடுக்கியால் பின்னர் வெளியே எடுத்தார். மன்னரை நேரே வீழ்த்த முன்னேறிய ஹாட்ஸ்பர் களத்திலேயே உயிரிழந்தார். விட்சர்ச்சில் அடக்கம் செய்யப்பட்ட உடலை, அவர் உயிரோடிருப்பதாகப் பரவிய வதந்தியை அடக்கும் பொருட்டு மன்னர் தோண்டியெடுத்து ஷ்ரூஸ்பரியில் காட்சிக்கு வைத்ததும், பின்னர் அதைக் கூறுபோட்டுத் தலையை யார்க் நகர வாயிலில் ஏற்றியதும் வென்றவருக்குப் பெருமை சேர்க்கும் செயல்கள் அல்ல. ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தில் ஹாட்ஸ்பரை இளவரசரின் ஒத்த வயதினராக்கினார்; உண்மையில் அவர் மன்னரைவிடவே மூத்தவர், களத்தில் விழுந்தபோது வயது 39.

அம்புக் காயம்பட்ட அதே இளவரசர், ஐந்தாம் ஹென்றியாக முடிசூடிய பின் 1416இல் ஹாட்ஸ்பரின் மகனுக்கு ஏர்ல் பட்டத்தை மீண்டும் வழங்கினார். 1670இல் ஆண்வழி ஏர்ல்களின் மரபு முடிந்தது. பெர்சி மரபில் வந்த பெண்ணை மணந்த ஹியூ ஸ்மித்சன் 1750இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தம் குடிப்பெயரைக் கைவிட்டுப் பெர்சி ஆனதும், அவர் துறந்த ஸ்மித்சன் என்ற பெயர் வாஷிங்டன் நகரில் ஓர் அறிவுநிலையமாக நிலைத்ததும் அடுத்த இதழில் விரியும்.