பாலிசியைப் படிக்க வைத்த சூத்திரம்

இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கும்போது படிப்பவர்கள் குறைவு. க்ளெய்ம் கேட்கும்போதுதான் பலரும் படிக்கிறார்கள். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நேரத்தில்தான், எங்கோ உள்பக்கத்தில் 'இதற்குப் பணம் கிடையாது' என்று சொல்லும் ஒரு வரி கண்ணில் படும். அந்த வரியை முன்பே புரியவைக்க முடியாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் முதலில் கையில் எடுத்தது ஒரு கணக்கு!

பாலிசியின் மொழி கடினமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பாலிசி என்பது ஒப்பந்தம். அதில் ஒரு வாசகத்துக்கு இரண்டு பொருள் வந்தால், நீதிமன்றங்கள் பொதுவாக அதை எழுதிய கம்பெனிக்கு எதிரான பொருளையே எடுத்துக்கொள்ளும். அதனால் ஏற்கெனவே கோர்ட்டில் பொருள் முடிவான பழைய சொற்றொடர்களை மாற்ற வக்கீல்கள் பயந்தார்கள். வாடிக்கையாளருக்குப் புரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் ருடால்ஃப் ஃப்ளெஷ் வருகிறார். 1911-இல் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற இவர், 1948-இல் ஆங்கில உரைநடையின் எளிமையை அளக்க ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். அதற்கு இரண்டே விவரங்கள் போதும்: ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள், ஒரு சொல்லில் சராசரியாக எத்தனை அசைகள். முதல் எண்ணை 1.015-ஆலும் இரண்டாவதை 84.6-ஆலும் பெருக்கி, இரண்டையும் 206.835-இலிருந்து கழிக்க வேண்டும். வருவதுதான் மதிப்பெண். 60 முதல் 70 வரை வந்தால் சாதாரண ஆங்கிலம். 30-க்குக் கீழே போனால் மிகக் கடினம்.

உதாரணமாக, வாக்கியத்துக்கு 40 சொற்கள், சொல்லுக்கு 1.8 அசைகள் என்றால் மதிப்பெண் சுமார் 14. அதையே 20 சொற்கள், 1.5 அசைகள் என்று மாற்றி எழுதினால் சுமார் 60!

1970-களில் அமெரிக்காவில் நுகர்வோர் இயக்கம் வலுத்தது. 1975-இல் சிட்டி வங்கி தன் கடன் பத்திரத்தை எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதியது. அதே காலத்தில் சென்ட்ரி என்ற இன்சூரன்ஸ் நிறுவனம் தன் கார் பாலிசியை எளிமையாக்கியது. பிறகு மாநில இன்சூரன்ஸ் ஆணையர்களின் தேசியச் சங்கம் ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தது. ஆயுள், மருத்துவ பாலிசிகள் ஃப்ளெஷ் தேர்வில் குறைந்தது 40 மதிப்பெண் பெற வேண்டும். எழுத்து 10 புள்ளி அளவுக்குக் குறையக்கூடாது. 3,000 சொற்களைத் தாண்டினால் பொருளடக்கம் வேண்டும். ஃப்ளோரிடா 45 கேட்டது, மாசசூசெட்ஸ் 50 கேட்டது.

கையால் அசைகளை எண்ணுவது அலுப்பான வேலை. கம்ப்யூட்டர் அதை எளிதாக்கியது. 1980 வாக்கில் பெல் ஆய்வகத்தின் 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' புரோகிராம்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டன. பின்னால் மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் இந்த வசதி வந்தது.

பிரச்சனை தீர்ந்ததா? இல்லை. ஃப்ளெஷின் சொந்த அட்டவணைப்படியே 40 என்பது 'கடினம்' வகை! அதோடு, மருத்துவச் சொற்களையும், பாலிசியிலேயே விளக்கம் தரப்பட்ட சொற்களையும், சட்டப்படி இருந்தே ஆகவேண்டிய வாசகங்களையும் கணக்கில் சேர்க்காமல் விட மாதிரிச் சட்டம் அனுமதித்தது. அதாவது, வாசகரைத் தடுக்கி விழவைக்கும் சொற்களுக்கே விலக்கு.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. வாக்கியத்திலுள்ள சொற்களைத் தலைகீழாக அடுக்கினாலும் மதிப்பெண் மாறாது. 'பணம் தரமாட்டோம்' என்பதன் ஆங்கில வாக்கியத்திலிருந்து மறுப்புச் சொல்லை எடுத்துவிட்டாலும் கிட்டத்தட்ட அதே மதிப்பெண்தான். சூத்திரம் நீளத்தை அளக்கும், பொருளை அளக்காது.

அதனால் பிற்காலச் சட்டங்கள் வேறு வழிக்குப் போயின. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, 2012 முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வடிவத்தில் சுருக்க விளக்கம் தர வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் ஐஆர்டிஏஐ மருத்துவ பாலிசிகளுக்கான வாடிக்கையாளர் தகவல் தாளைத் திருத்தியமைத்தது. அது 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் கேட்டால் உள்ளூர் மொழியிலும் அதைத் தர வேண்டும். அந்தத் தாள் தமிழில் வரும்போது ஃப்ளெஷ் கணக்கு உதவாது. 'செலுத்தவேண்டியிருந்தால்' என்ற ஒரே சொல்லில் எட்டு அசைகள். ஆனால் அது யாருக்குப் புரியாது?

இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் பாலிசியைச் சுருக்கித் தருகிறது. எந்த மொழியில் கேட்டாலும் சொல்கிறது. ஃப்ளெஷ் கணக்கால் முடியாத வேலை இது. ஆனாலும் பழைய ஆபத்து வேறு வடிவில் நிற்கிறது. சுருக்கும்போது ஒரு விலக்கு வரி விடுபட்டுப் போனாலும் படிக்க இனிமையாகத்தான் இருக்கும். க்ளெய்ம் நாளில் கம்பெனி புரட்டப்போவது அந்தச் சுருக்கத்தை அல்ல, பாலிசியை.

ஃப்ளெஷின் கணக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. புரியாமல் எழுதுவது கம்பெனியின் குற்றம், வாசகரின் குற்றமல்ல என்று சட்டத்தையே சொல்லவைத்தது. ஆனால் புரிந்ததா என்பதை எண்ணால் மட்டும் அறிய முடியாது. படித்தவரிடம், "எதற்கெல்லாம் பணம் கிடைக்காது?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் சரியாகச் சொன்னால்தான் பாலிசி பாஸ்!