வாக்கைப் பறிக்க எழுதிய சாசனம்

1901 மே 21ஆம் தேதி அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மான்ட்கமரியில் 155 பேர் கூடினார்கள். அத்தனை பேரும் வெள்ளையர். அத்தனை பேரும் ஆண்கள். மாநிலத்துக்குப் புது அரசமைப்புச் சட்டம் எழுதுவதுதான் அவர்களுக்கு இட்ட வேலை. அவைத் தலைவர் ஜான் நாக்ஸ் ஒரு வழக்கறிஞர். நாட்டின் அரசமைப்பு போட்டிருக்கும் வரம்புக்குள் நின்றுகொண்டே இந்த மாநிலத்தில் வெள்ளையர் மேலாதிக்கத்தை நிலைநாட்டுவதுதான் நோக்கம் என்று தலைமை உரையில் அவர் பட்டவர்த்தனமாகச் சொன்னார். அப்போது மாநில மக்கள் தொகையில் ஏறத்தாழ 45 சதவீதம் கறுப்பின மக்கள். அவர்கள் சார்பில் ஒருவர்கூட அந்த அவையில் இல்லை. கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனும் வேறு சிலரும் அனுப்பிய மனு மட்டும் போய்ச் சேர்ந்தது.

இந்தியாவில் மாநிலங்களுக்குத் தனி அரசமைப்பு கிடையாது. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் 2019 வரை இருந்தது. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களுக்கும் உண்டு. அலபாமாவுக்கு 1819 முதல் ஐந்து வந்து போயிருந்தன. ஆறாவதாக வந்தது இது.

நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று நாட்டின் அரசமைப்பில் வந்த 15ஆவது திருத்தம் சொல்கிறது. ஆகவே நிறம் என்ற சொல்லே வராமல் வேலையை முடிக்க வழி தேடினார்கள். வாக்காளராகப் பதிய எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது 40 ஏக்கர் நிலமோ 300 டாலர் மதிப்புள்ள சொத்தோ இருக்க வேண்டும். போர்வீரருக்கும் அவர் வாரிசுகளுக்கும் இந்தச் சோதனை வேண்டாம். ஆனால் அந்தச் சலுகை 1903 பிறக்கும் முன் பதிந்துகொள்பவர்களுக்கு மட்டும். யார் தகுதியானவர் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பதிவாளர்கள் கையில். இவற்றுக்கு மேல் தலைவரி: ஆண்டுக்கு ஒன்றரை டாலர். கட்டாமல் விட்டால் அது சேர்ந்துகொண்டே போய் 36 டாலர் வரை நிற்கும். குத்தகை நிலத்தில் உழைத்துக் கடனில் கிடந்தவர் எந்தக் காலத்தில் அதைக் கட்டி முடிப்பார்? ஏழை வெள்ளையரும் இந்த வலையில் சிக்கினார்கள்.

வரைவு செப்டம்பர் 3ஆம் தேதி முடிந்தது. நவம்பர் 11ஆம் தேதி மக்கள் வாக்கெடுப்பு. ஆதரவு 1,08,613, எதிர்ப்பு 81,734. இந்த எண்களை நம்பிவிட முடியாது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த டாலஸ், ஹேல், வில்காக்ஸ் என்ற மூன்று கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகளில்) மட்டும் ஆதரவு 17,475, எதிர்ப்பு 508 என்று கணக்குக் காட்டினார்கள். அங்கே வெள்ளை வாக்காளர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை. தங்கள் வாக்குரிமையைத் தாங்களே ஒழித்துக்கொள்ள ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர் வாக்களித்தார்கள் என்று யார்தான் ஒப்புவார்கள்? வாக்குப் பெட்டி அவர்கள் பெயரால் நிரப்பப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், சுமார் 1,80,000 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை மூவாயிரத்துக்குச் சுருங்கியது.

இந்தச் சாசனத்தை முதலில் உரசிப் பார்த்தவர் மான்ட்கமரியைச் சேர்ந்த ஜாக்சன் கைல்ஸ். முப்பது ஆண்டுகள் வாக்களித்து வந்தவர். புது விதியின் கீழ் பதியப் போனபோது மறுக்கப்பட்டார். தனக்காகவும் தன்னைப் போன்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகவும் வழக்குப் போட்டார். செலவுக்கு புக்கர் டி. வாஷிங்டன் ரகசியமாகப் பணம் கொடுத்தார். 1903இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். பதிவு முறை முழுவதுமே மோசடி என்று நீ சொல்கிறாய். அப்படியானால் அந்த மோசடிப் பட்டியலில் உன் பெயரைச் சேர்க்கும்படி நாங்கள் எப்படி உத்தரவிடுவது? ஒரு மாநிலத்து மக்களே செய்யும் அரசியல் அநீதிக்கு அரசியல் வழியில்தான் பரிகாரம் தேட வேண்டும். தீர்ப்பின் சாரம் இதுதான். வாக்கே இல்லாதவருக்கு அரசியல் வழி ஏது? படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கும் தீர்ப்பு இது.

அதன் பிறகு சாசனம் ஊதிப் பெருத்துக்கொண்டே போனது. வாக்காளரை நம்பாதவர்கள் உள்ளாட்சியை மட்டும் நம்புவார்களா? கவுண்டிகளுக்குத் தன்னாட்சி தரவில்லை. சொத்து வரிக்கு உச்சவரம்பை சாசனத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். சாதாரணச் சட்டத்தில் முடிய வேண்டிய காரியங்களுக்கெல்லாம் சாசனத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. திருத்தத்துக்கான வழி இது: இரு அவைகளிலும் தனித்தனி நாள்களில் மூன்று வாசிப்பு, ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு. ஆளுநர் கையெழுத்து தேவையில்லை. அதன் பிறகு மக்கள் வாக்கெடுப்பு.

மொபில் கவுண்டியில் கொசு ஒழிப்புக்கு ஒரு திருத்தம். லைம்ஸ்டோன் கவுண்டியில் செத்த பண்ணை விலங்குகளை அப்புறப்படுத்த ஒரு திருத்தம். ஊராட்சித் தீர்மானத்தில் முடிய வேண்டியதை மாநிலத்தின் உச்ச சாசனத்தில் எழுதினார்கள். ஒரு கவுண்டியின் பிரச்சினைக்குப் பல காலம் மாநிலம் முழுவதும் வாக்களித்தது. 2022க்குள் திருத்தங்கள் ஏறத்தாழ 980 ஆகிவிட்டன. நான்கில் மூன்று பங்கு, ஏதோ ஒரு கவுண்டிக்கோ ஊருக்கோ மட்டும் உரியவை. மொத்தம் கிட்டத்தட்ட நான்கு லட்சம் சொற்கள். உலகிலேயே நீளமான அரசமைப்பு என்று அதைச் சொன்னார்கள். படிப்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்கள் தங்களைத் தாங்களே ஆள விடக் கூடாது என்ற 1901இன் பயம்தான் ஒவ்வொரு திருத்தத்திலும் தெரிகிறது.

வாக்குப் பெட்டியில் பொய்க்கணக்கு எழுதிய அதே டாலஸ் கவுண்டியின் தலைநகர்தான் செல்மா. 1965 தொடக்கத்தில் அங்கே கறுப்பினத்தவரில் நூற்றுக்கு இரண்டு பேரே வாக்காளர். மார்ச் 7ஆம் தேதி வாக்குரிமை கேட்டுக் கிளம்பிய பேரணி மீது செல்மா பாலத்தில் தடியடி. மார்ச் 25ஆம் தேதி பேரணி மான்ட்கமரி சட்டமன்றப் படிகளை அடைந்தது. ஆகஸ்ட் மாதம் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு தலைவரியை நீதிமன்றம் ரத்து செய்தது. சில்லறைக் குற்றங்களைக் காரணம் காட்டி வாக்கைப் பறித்த 182ஆம் பிரிவை 1985இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சாய்த்தது. 1901இல் அதை எழுதியவர்களின் நோக்கமே அதற்கு எதிரான சான்றாக நின்றது.

விதிகள் செத்தன; சொற்கள் தாளிலேயே கிடந்தன. கலப்பு மணத்துக்கான தடையை நாடு முழுவதும் 1967இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அலபாமா தன் சாசனத்திலிருந்து அதை எடுத்தது 2000இல்தான். அப்போதும் நூற்றுக்கு நாற்பது பேர் எடுக்கக் கூடாது என்றே வாக்களித்தார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கும் தனித்தனிப் பள்ளி என்ற வாசகத்தை நீக்க 2004இல் நடந்த முயற்சி 1,850 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அதோடு இன்னொரு வாசகத்தையும் நீக்கச் சொன்னதுதான் சிக்கல். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்ததும், அரசுச் செலவில் கல்வி பெறும் உரிமையே கிடையாது என்று 1956இல் ஒரு திருத்தம் சேர்த்திருந்தார்கள். அதை எடுத்தால் நீதிமன்றம் வரியை ஏற்றிவிடும் என்று பயம் காட்டினார்கள். 2012இல் அந்த வாசகத்தை விட்டுவைத்து மற்றதை மட்டும் நீக்கப் பார்த்தபோது கறுப்பினத் தலைவர்களே எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது நியாயம். பழிச்சொல்லைத் துடைத்துவிட்டு, அந்தப் பழியின் பலனை மட்டும் வைத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்?

கடைசியில் 2020இல் மக்கள் அனுமதி தந்தார்கள்: இனவாத வாசகங்களை நீக்கலாம், சிதறிக் கிடந்த திருத்தங்களை ஒழுங்குபடுத்தலாம், வேறெதையும் மாற்றக் கூடாது. 2022 நவம்பர் 8ஆம் தேதி நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவர்கள் தொகுக்கப்பட்ட புதுச் சாசனத்தை ஏற்றார்கள். தனிப்பள்ளி வாசகம் போயிற்று. தலைவரி போயிற்று. குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பை அனுமதித்த வாசகமும் போயிற்று. உள்ளூர்த் திருத்தங்களைக் கவுண்டி வாரியாக அடுக்கினார்கள். வரியின் உச்சவரம்பையும் மான்ட்கமரியில் குவிந்திருக்கும் அதிகாரத்தையும் தொடவில்லை. தொட அனுமதியும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அதிபர் தேர்தலோடு ஒரு திருத்தமும் அலபாமா முழுவதும் வாக்கெடுப்புக்கு வந்தது. பிராங்க்ளின் கவுண்டிக் கல்வி வாரியத்துக்கு வேறு கவுண்டிகளில் பள்ளி நிலம் இருக்கிறது. அதை வாரியமே நிர்வகிக்கலாமா, விற்கலாமா என்று மாநிலத்தின் எல்லா வாக்காளர்களிடமும் கேட்டார்கள்.