ஒரு மெயிலில் போன சலுகை

போன மாதம் நண்பன் ஒருவன் போன் பண்ணினான். அவன் கம்பெனியில் வாரத்துக்கு 3 நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் மேனேஜர் சரியில்லை. எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுவது, ராத்திரி 10 மணிக்கு மெசேஜ் போட்டுப் பதில் கேட்பது. "அந்த 3 நாளுக்காகப் பொறுத்துக்கலாமா, இல்ல விட்டுடலாமாடா?" என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பழைய கதைகளைப் புரட்டினேன். இரண்டு உதவின.

முதலாவது, 1962, இங்கிலாந்து. ஸ்டெஃபனி ஷெர்லி, நாஜிகளிடமிருந்து தப்பி 5 வயதில் அகதியாக வந்தவர். கணினி வேலையில் கெட்டிக்காரர். ஆனால் பெண் என்பதால் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற விடவில்லை. வெறுத்துப்போய் வேலையை விட்டு, 6 பவுண்டு முதலில் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்களைத் தேடிச் சேர்த்தார். எல்லாருக்கும் வீடுதான் ஆபீஸ். வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் கேட்ட ஒரு முக்கியமான கேள்வி: போன் வசதி இருக்கிறதா? கம்பெனிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. 'ஸ்டீவ்' என்று ஆண் பெயரில் கையெழுத்துப் போட ஆரம்பித்த பிறகுதான் வந்தது! கான்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான புரோகிராமை எழுதியது இந்த வீட்டுப் பெண்கள்தான்.

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்பதைக் காட்டி அவரால் பில் போட முடியாது. அதனால் மொத்த வேலைக்கும் முன்கூட்டியே ஒரு விலை பேசினார். அப்படிப் பேச, வேலையைத் துல்லியமாக அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருள் வேலையை மேற்பார்க்கும் விதிமுறைகளை அவர்கள் கம்பெனியே எழுதியது. பிற்பாடு நேட்டோகூட அவற்றை எடுத்துக்கொண்டது. கம்பெனியில் கால் பங்கை ஊழியர்கள் கைக்கே கொடுத்தார். 70 பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அங்கே வீட்டிலிருந்து வேலை என்பது சலுகை இல்லை. கம்பெனியே அதன்மேல்தான் நின்றது.

இரண்டாவது, யாஹூ. 2012 ஜூலையில் மரிஸா மேயர் தலைமைக்கு வந்தார். அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் அந்த நாற்காலியில், இடைக்காலத் தலைவர்களையும் சேர்த்து, 4 பேர் இருந்து போயிருந்தார்கள். ஒருவரை போனிலேயே நீக்கினார்கள். இன்னொருவர் தன் பட்டப்படிப்பு பற்றிய தப்பான தகவலால் விலகினார். இப்படிப்பட்ட வீட்டில் யார் மனசு வைத்து வேலை பார்ப்பார்கள்? 2013 பிப்ரவரியில் ஒரு மெயில் வந்தது: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஜூன் முதல் ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் நல்ல யோசனை பிறக்கும்.

மேயர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. வீட்டிலிருந்த பலர் கம்பெனி நெட்வொர்க்கில் சரியாக நுழையவே இல்லை என்று அப்போது செய்திகள் வந்தன. ஆனால் அது நோயா, நோயின் அறிகுறியா? மேயர் காலத்தில் ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் முறையும் வந்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை. 2017-இல் யாஹூவின் முக்கியத் தொழில் சுமார் 448 கோடி டாலருக்கு வெரைசனிடம் போனது. அதற்கு ஆபீஸ் உத்தரவுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆபீஸ் நிரம்பியதால் கம்பெனி பிழைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷெர்லியிடமும் எல்லாம் பொன் இல்லை. ஆரம்பத்தில் நிலையான மாதச் சம்பளம் கிடையாது, செய்த வேலைக்குத்தான் காசு. முதல் 300 பேரில் ஆண்கள் 3 பேர்தான். 1975-இல் வந்த பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் ஆண்களையும் சேர்க்க வைத்தது. ஆனாலும் அந்தப் பெண்களின் வேலைமுறையை ஒரு மெயிலால் பறிக்க முடியாது. யாஹூவில் முடிந்தது.

நண்பனைத் திரும்பக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அந்த 3 நாள் கம்பெனி விதியில எழுதியிருக்கா, இல்ல அந்த மேனேஜர் வாய்வார்த்தையா சொன்னதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவர் சொன்னதுதான்" என்றான்.

வேலையை இன்னும் விடவில்லை. வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்திருக்கிறான். இன்டர்வியூவில் இந்தக் கேள்வியை மறக்காமல் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.