முகமறியாரொடு வாதம்: ஒரு வரலாற்று நோக்கு

அரசியல் பற்றியும் மனித உரிமை பற்றியும் முன்பின் அறியாதவரோடு மக்கள் ஏன் வாதிடுகின்றனர்? உறவாலோ ஊராலோ தொடர்பற்ற ஒருவரின் கருத்தை மாற்றுவதால் வாதிடுவோர்க்கு நேரடிப் பயன் ஏதுமில்லை. பெரும்பாலும் கருத்து மாறுவதுமில்லை. இணையம் பரவிய பின்னர் இவ்வினா மிகுதியும் எழுப்பப்படுகிறது. வீண்பொழுது, புகழ்விருப்பு, சினம் என்பன விடைகளாகக் கூறப்படுகின்றன. இவற்றில் உண்மை உண்டு. எனினும் இணையத்திற்கு நெடுங்காலம் முன்பே தமிழ்ச் சமூகத்தில் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. அதன் வரலாறு வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. அறிந்தோரிடையே ஒரு சொல்லின் மதிப்பு, அதைச் சொல்பவர் யார் என்பதால் முன்னரே முடிவாகிவிடுகிறது. அறியாதாரிடத்தேதான் அச்சொல் தன் பொருளால் எடையிடப்படும் வாய்ப்பைப் பெறுகிறது.

இதற்கு மணிமேகலைக் காப்பியம் பழஞ்சான்று. வஞ்சி மாநகரில் பல்வேறு சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறியச் செல்லும் மணிமேகலை, தன் உருவோடு செல்லவில்லை. மாதவன் வடிவு கொண்டு செல்கிறாள். இளம்பெண் எனக் கருதி அவளுக்கு மெய்ப்பொருளை எவரும் உரையார் என்பதை மணிமேகலா தெய்வம் முன்னரே அறிவித்திருந்தது. வேற்றுருக் கொள்ளும் மந்திரம் காப்பியத்தில் இயற்கை இறந்த நிகழ்ச்சியாக மட்டும் நின்றுவிடவில்லை. அறிவுலகின் வாயில் பெண்ணுக்கு அடைபட்டிருந்ததையும், தன் அடையாளத்தை மறைத்தே அவள் அதனைக் கடக்க நேர்ந்ததையும் அது புலப்படுத்துகிறது. அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாக அனைவரும் அவ்வேற்றுருவுக்கு விடை கூறினர். பெண்ணுக்குக் கூறியிரார். சாத்தனார் இதனை விரித்துரைக்காமல் கதையோட்டத்திலேயே விட்டுச் செல்வது, அக்கால அவையோர்க்கு இது விளக்கம் வேண்டாத உண்மையாக இருந்தது என்று எண்ண இடந்தருகிறது.

சமயக்களத்தில் கண்ட இந்நிலையை உரிமைக்களத்தில் கண்டவர் அயோத்திதாசர். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் தாழ்த்தப்பட்டோர்க்குக் கோயில் நுழைவுரிமை வேண்டுமென அவர் வினவினார். சிவனும் திருமாலும் அவர்தம் தெய்வங்கள் அல்லர், அவர்க்கெனச் சிறுதெய்வங்கள் உள்ளன என அவையில் மறுமொழி எழுந்தது. அவ்வாறாயின் அக்கோயில்கள் வேண்டா. எம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், எம் மக்களுக்குத் தரிசு நிலமும் தருக என்று அவர் கேட்டார். இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். மறுமொழி கூறியவர் வினாவின் நியாயத்தை ஆராயவில்லை. வினவியவரின் பிறப்பை நோக்கியே விடையிறுத்தார் என்பது இங்குக் கருதத்தக்கது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1907 சூன் 19இல், சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் மாறியது. விலையே பெயரில் அமைந்தமை தற்செயலன்று. காலணா கொடுக்க இயன்றவர் எவராயினும் வாசகராகலாம் என்பது அதன் பொருள். கோலார் தங்கவயல், இரங்கூன் முதலிய தொலைவிடங்களில் அவரது பௌத்த சங்கம் கிளைத்திருந்தது. ஒருவரையொருவர் கண்டிராத வாசகர்கள் இதழுக்கு வினாக்கள் விடுத்தனர், பத்திராதிபர் விடையளித்தார். சாதி, கல்வி, நிலம், குடிமதிப்புக் கணக்கெடுப்பு, சுதேசி இயக்கம் என எதுவும் விலக்கப்படவில்லை. ஓர் ஊரில் ஒரே திண்ணையில் அமர இயலாதவர்கள் ஒரே பக்கத்தில் எதிரெதிராக நிற்க முடிந்தது. அவர் எழுத்துகள் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளிவந்த பின்னரே பரவலாகக் கற்கப்படலாயின. முகமறியாத வாசகரை நம்பி எழுதியவர்க்கு, அவ்வாசகர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தும் கிட்டினர்.

இதே நோக்கில் 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாட்டின் தீர்மானம் ஒன்றையும் காணலாம். பெயருக்குப் பின் சாதிப்பட்டம் இடுதலை விடுமாறு அத்தீர்மானம் வேண்டியது. மாநாட்டுத் தலைவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் உள்ளிட்ட பலர் பட்டம் துறந்தனர். இது சாதி மறுப்பின் அடையாளமாகவே பெரிதும் பேசப்படுகிறது. அச்சு உலகில் இதற்கு மற்றொரு விளைவும் உண்டு: பட்டம் நீங்கிய பெயர், படிப்பவர்க்குப் பாதி அறியாத பெயராகிவிடுகிறது. மணிமேகலை மந்திரத்தால் பெற்றதை இவர்கள் எழுத்துக்குறைப்பால் பெற்றனர் எனலாம். 1925இல் தொடங்கிய 'குடி அரசு' இதழில் பெரியாரே 'சித்திரபுத்திரன்' என்னும் புனைபெயரிலும் எழுதியதும் உடன்வைத்து எண்ணத்தக்கது. அங்கு மறைவு தேவையால் அன்று, உரையாடல் சுவையால் எனத் தோன்றுகிறது.

வாதிடுவோர் எதிராளியை வெல்ல மட்டும் வாதிடுவதில்லை. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் செய்தித்தாள் உரக்க வாசிக்கப்பட்ட காலத்தில், வாதத்தின் உண்மையான இலக்கு வாய்திறவாமல் கேட்டிருந்த மூன்றாமவரே. எதிராளி இறுதிவரை மாறாதிருப்பினும் கேட்டவர் மாறியிருக்கலாம். வாதத்தின் பயனைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் இம்மூன்றாமவரைக் கணக்கில் கொள்வதில்லை.

அரசுகள் கணக்கில் கொண்டன. பம்பாயில் வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் சென்னை மாகாணத்துள் நுழைவதை 1950இல் மாகாண அரசு தடை செய்தது. ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், கருத்துரிமை என்பது கருத்தைப் பரப்பும் உரிமையையும் உள்ளடக்கும் எனக் கூறி உச்சநீதிமன்றம் அத்தடையை அதே ஆண்டு மே மாதத்தில் நீக்கியது. எழுதுவதற்கு உரிமை இருந்து, அறியாதவரைச் சென்றடைய உரிமை இல்லையெனில் முன்னதற்குப் பொருளில்லை என்பதே தீர்ப்பின் சாரம். மறு ஆண்டே முதல் அரசியலமைப்புத் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்னும் காரணத்தைக் கட்டுப்பாடுகளுள் சேர்த்தது.

இணையத்தில் மறைவு எளிதாயிற்று. அதன் கேடும் வெளிப்பட்டது. மணிமேகலையின் வேற்றுரு கேட்பதற்குப் பயன்பட்டது. இன்று அதே மறைவு, குறிப்பாகக் கருத்துரைக்கும் பெண்களை இழிவுபடுத்தவும் பயன்படுகிறது. இதனைத் தடுப்பதாகக் கொணரப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 'தொந்தரவு', 'அசௌகரியம்' போன்ற வரையறையற்ற சொற்களால் வாதத்தையே குற்றமாக்க இடந்தந்தது. 2015 மார்ச் 24இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்சநீதிமன்றம், விவாதித்தல், ஆதரித்துப் பேசுதல், தூண்டிவிடுதல் ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டி, முதல் இரண்டும் எத்துணை வெறுக்கப்படினும் காக்கப்பட வேண்டியவை எனக் கொண்டு அப்பிரிவை நீக்கியது. நீக்கப்பட்ட பின்னும் காவல்நிலையங்களில் அதே பிரிவின்கீழ் வழக்குகள் பதியப்பட்டு வந்தன. 2021இல் உச்சநீதிமன்றம் இதனை அறிந்து அதிர்ச்சி தெரிவித்தது. 66ஏ பிரிவின்கீழ் எவர்மீதும் வழக்குத் தொடரலாகாது என 2022 அக்டோபரில் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.