அழைப்பு வராத அணி

ஓர் அணியின் மேன்மையை அது வென்ற கோப்பைகளைக் கொண்டு அளப்பதே உலக வழக்கம். அவ்வளவுகோலுக்குள் அடங்காத ஓர் அணியைப் பற்றி இங்கே கூற விழைகிறோம்.

அமெரிக்காவில், இயேசு சபைப் பாதிரிமார்கள் நிறுவிய சிறிய கல்விக்கூடம் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். 1951ஆம் ஆண்டில் அதன் கால்பந்து அணி, ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. கால்பந்து என்றதும் நம் பிள்ளைகள் ஆடுவதை எண்ணிவிட வேண்டாம். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு ஆட்டம். அவ்வணியின் ஆலி மேட்சன் அப்பருவத்தில் 1,566 கெஜம் ஓடி, நாட்டிலேயே முதலிடம் பெற்றார். அவரும் பர்ல் டோலரும் கறுப்பினத்தவர், ஏனையோர் வெள்ளையர்.

பருவ முடிவில் சிறந்த அணிகளை 'பௌல்' எனப்படும் சிறப்பு ஆட்டங்களுக்கு அழைப்பர். அதில் பெரும் தொகை கிட்டும். நட்டத்தில் தத்தளித்த அக்கல்லூரி அணிக்கு அத்தொகையே உயிர்மூச்சு. ஆனால் அவ்வாட்டங்களுட் பல, பள்ளியிலும் விடுதியிலும் பேருந்திலும் நிறப்பாகுபாடு சட்டமாகவே நிலவிய தென் மாநிலங்களில் நடைபெற்றன. அவ்விருவரையும் விட்டுவிட்டு வருவதாயின் அழைப்பு உண்டு என்று தெரிவிக்கப்பட்டதாக அணியினர் பின்னாளில் கூறினர். அவர்கள் ஒருமனதாக மறுத்தனர். இரண்டாம் உலகப் போரில் களம் கண்டு திரும்பிய ஜினோ மார்ச்செட்டியும் அவர்களுள் ஒருவர். அமெரிக்கச் சட்டமே அவ்வநீதியை 1964இல்தான் பொது இடங்களில் தடை செய்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். இவர்களோ இருபது வயதைச் சற்றே கடந்த மாணவர்கள்!

அழைப்பு வரவில்லை. அப்பருவத்தோடு பல்கலைக்கழகம் அணியையே கலைத்துவிட்டது. மறுப்பின் விலை அதுவே.

மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடி இரு பதக்கங்கள் வென்றார். அவரும் மார்ச்செட்டியும் பாப் செயின்ட் கிளேரும் தொழில்முறை ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூவர்! டோலருக்கு மட்டும் முழங்காற் காயம் ஆட்டக்கதவை அடைத்தது. அவர் ஆசிரியராகித் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1965இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவருமானார்.

பல்கலைக்கழக விடுதி ஒன்று ஜேம்ஸ் ஃபீலன் என்பாரின் பெயரைத் தாங்கியிருந்தது. கலிபோர்னியாவை வெள்ளையர் பூமியாகவே வைத்திருப்போம் என முழங்கி 1920இல் தேர்தலில் நின்றவர் அவர். 2017இல் அப்பெயர் நீக்கப்பட்டு, டோலரின் பெயர் அக்கட்டடத்திற்குச் சூட்டப்பட்டது.