வயிற்றில் திறந்த வாசல்: கதைக்க வெட்கப்பட்ட ஒரு வரலாறு



மலம், மலவாசல், குடல். இந்தச் சொற்களைக் கண்டதும் விரலால் தள்ளிவிட்டுப் போக நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வகுப்பில் சமிபாட்டுத் தொகுதி படிப்பிக்கும்போது வாயில் தொடங்கி, களம், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று பாடம் நன்றாகத்தான் போகும். கடைசி உறுப்புக்கு வந்ததும் பின் வாங்கில் சிரிப்புக் கிளம்பும். பெரியவர்களான நாமும் அந்தப் பின் வாங்குப் பிள்ளைகள்தான். சிரிப்பதற்குப் பதிலாக வாயை மூடிக்கொள்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கடைசி உறுப்பு இல்லாமலே வாழ்கிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். புற்றுநோய், விபத்து, பிறவிக் குறை, குடலில் ஆறாத புண் என்று காரணம் பல. வைத்தியர்கள் குடலின் ஒரு முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே எடுத்துத் தைத்துவிடுகிறார்கள். கழிவு அந்த வழியால் வந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் பையில் சேர்கிறது. பெருங்குடலிலிருந்து எடுத்தால் கொலொஸ்டமி, சிறுகுடலிலிருந்து எடுத்தால் இலியொஸ்டமி, சிறுநீருக்கு என்றால் யூரொஸ்டமி. அந்த வாசலின் பெயர் ஸ்டோமா. கிரேக்க மொழியில் அதற்கு வாய் என்று அர்த்தம். பார்ப்பதற்கும் அப்படித்தான்: கன்னத்தின் உட்பக்கம் போலச் சிவந்து, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. ஆனால் அடக்கிவைக்கத் தசை இல்லை. வரும் நேரத்தில் வந்துவிடும்.

இதன் வரலாற்றைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுவது ஓர் அரசியின் மரணம்.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜோர்ஜின் மனைவி கரோலின். 1724இல் கடைசிப் பிள்ளை பிறந்தபின் அவருக்குத் தொப்புளருகே குடல் இறக்கம் ஏற்பட்டது. 13 ஆண்டுகள் அதை மறைத்தார். அரண்மனை வைத்தியர்களுக்குக்கூடத் தெரியாது. 1737 நவம்பரில் குடல் சிக்கி, வாந்தியும் வேதனையுமாகப் படுத்தபோதும் அவர் சொல்லவில்லை. ஒருவரும் அறியாத நோய்க்கு வைத்தியர்கள் சில நாள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மன்னர்தான் பொறுக்காமல் சொன்னார். கத்தி வைத்தார்கள், பயனில்லை. குடல் வெடித்தது. நவம்பர் 20ஆம் திகதி அரசி இறந்தார்.

அதே நாட்டில், அதே நூற்றாண்டில், அதே நோய் மார்கரெட் வைட் என்ற ஏழைப் பெண்ணுக்கும் வந்தது. 50 வயதில் தொப்புளில் தொடங்கிய குடல் இறக்கம் 73ஆவது வயதில் அழுகி வெடித்தது. வில்லியம் செசல்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வெளியே தொங்கிய 26 அங்குலத்துக்கும் அதிகமான குடலை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல முனையைத் தொப்புளிலேயே விட்டுவிட்டார். மார்கரெட் பிழைத்தார். பின்னும் பல ஆண்டுகள் அந்த வாசலோடு வாழ்ந்தார். 1750இல் வந்த தமது உடற்கூற்று நூலின் பதிப்பில் செசல்டன் இதைப் பதிந்து வைத்தார். வாய் திறந்திருந்தால் அரசியும் பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை; அந்தக் காலத்து வைத்தியத்தில் அது நிச்சயமில்லை. ஆனால் மறைத்ததால் போன நாட்கள் போனவைதான்.

வேண்டுமென்றே வயிற்றைத் திறந்து வழி செய்யலாம் என்று முதலில் எழுதியவர் பரிஸ் நகரத்து அலெக்சி லிட்ரே. 1710இல், மலக்குடல் சரியாக உருவாகாமல் பிறந்து ஆறாம் நாள் இறந்த ஒரு குழந்தையின் உடலை அவர் ஆராய்ந்தார். குடலை வயிற்றின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்திருக்கலாமே என்று யோசனை சொன்னார். அவர் செய்யவில்லை, மற்றவர்களும் துணியவில்லை. 66 ஆண்டுகள் அது காகிதத்திலேயே கிடந்தது.

1776இல் பிரான்ஸின் ரூவன் நகரில் பிலோர் என்பவர் துணிந்தார். நோயாளி மொரேல் என்ற வைன் வியாபாரி. மலக்குடலில் கட்டி, வழி அடைபட்டு வயிறு ஊதியிருந்தது. அன்றைய வைத்தியம் என்ன தெரியுமா? பாதரசத்தை விழுங்கக் கொடுப்பது! பாரத்தினால் அடைப்பைத் தள்ளிக்கொண்டு இறங்கும் என்று நம்பினார்கள். மொரேலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு இறாத்தல் கொடுத்திருந்தார்கள். அது இறங்கவில்லை. கூடியிருந்த மற்ற வைத்தியர்கள் வேண்டாம் என்று சொல்லியும், பிலோர் வயிற்றின் வலப்பக்கம் திறந்து பெருங்குடலின் தொடக்கப் பகுதியைத் தோலோடு தைத்தார். கழிவு வெளியேறியது, வயிறு வற்றியது. வாசலை மூடிவைக்கப் பஞ்சுக்கடற்பாசி ஒன்றை இழுபடும் பட்டியில் கட்டிக் கொடுத்தார். இன்றைய பைகளுக்கு மூத்த உறவு என்று அதைத்தான் சொல்ல வேண்டும். 28ஆம் நாள் மொரேல் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது, வயிற்றுக்குள் தங்கிய பாதரசம் சிறுகுடலைக் கெடுத்திருந்தது. புதிய வைத்தியம் அவரைக் கொல்லவில்லை, பழைய வைத்தியம்தான் கொன்றது.

1793இல் பிரெஸ்ட் துறைமுக நகரில் டியூரே என்பவர் மலவாசல் இல்லாமல் பிறந்த மூன்று நாள் குழந்தைக்கு இடப்பக்கம் வாசல் வைத்தார். அதற்கு முன் இறந்த குழந்தையொன்றின் உடலில் செய்து பார்த்துக்கொண்டார். அந்தப் பிள்ளை 45 வயது வரை வாழ்ந்தது. பிளாஸ்டிக் என்ற ஒன்று இல்லாத காலத்தில் 45 ஆண்டுகள்! அந்த மனிதர் எதைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார், பக்கத்தில் இருந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையெல்லாம் வைத்திய நூல்கள் எழுதவில்லை. நமக்கு வேண்டியதோ அந்தப் பக்கம்தான்.

மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்தபின் 19ஆம் நூற்றாண்டில் இந்த ஒப்பரேஷன் பெருகியது. 1908இல் இலண்டன் நிபுணர் ஏர்னஸ்ட் மைல்ஸ், மலக்குடல் புற்றுநோய்க்கு அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு நிரந்தர வாசல் வைக்கும் முறையை வெளியிட்டார். உயிர் தப்பியவர்கள் கூடினார்கள். தப்பியவர்கள் எப்படி வாழ்வது என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது. துணி, பஞ்சு, இடுப்புப் பட்டியில் கட்டிய கிண்ணம், பின்னர் இறப்பர் பை. கசியும், மணக்கும், தோல் வெந்துபோகும். சிறுகுடலிலிருந்து வரும் கழிவில் சமிபாட்டு நொதியங்கள் இருப்பதால் அது தோலையே அரிக்கும். 1940களில் சிக்காகோவில், தானே இலியொஸ்டமி செய்துகொண்ட கோனிக் என்ற இரசாயன மாணவர் தோலில் ஒட்டவைக்கும் இறப்பர் பையை உருவாக்க உதவினார். 1952இல் பர்மிங்ஹாமின் பிரையன் புரூக், குடல் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல வெளிப்புறமாக மடித்துத் தோலோடு தைத்தார். கழிவு தோலில் படாமல் நேரே பைக்குள் விழுந்தது. இன்றும் அதே மடிப்புத்தான். அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ரூபர்ட் டேர்ன்புல், பல்செட் ஒட்டப் பயன்பட்ட கராயா பிசினைத் தோலைக் காக்கப் பயன்படுத்தினார். அந்தப் பிசின் வந்தது இந்தியக் காட்டு மரங்களிலிருந்து.

ஆனால் இந்த வரலாற்றில் நமக்குப் பிடித்த ஆள் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல, ஒரு தாதி. டென்மார்க்கைச் சேர்ந்த எலிசே சோரன்சன். அவருடைய தங்கை தோராவுக்கு 32 வயதில் வயிற்றில் வாசல் வைத்தார்கள். தங்கை வீட்டைவிட்டு வெளியே வரப் பயந்தார். கசிந்துவிடுமோ, மணந்துவிடுமோ என்ற பயம். 1954இல் எலிசே ஒரு யோசனையோடு எழும்பினார்: மெல்லிய பிளாஸ்டிக் பை, ஒரு பக்கம் ஒட்டும் வளையம், பாவித்துவிட்டு எறிந்துவிடலாம். பிளாஸ்டிக் பொருட்கள் செய்யும் ஓகே லூயி ஹான்சனிடம் போனார். அவருக்கு முதலில் மனமில்லை. அவருடைய மனைவியும் ஒரு தாதி. அவருக்கு இதன் பெறுமதி விளங்கியது, கணவரை விடவில்லை. 1957இல் கொலோபிளாஸ்ட் நிறுவனம் பிறந்தது. தங்கைக்காக ஒரு ராத்தா செய்தது இன்று உலகமெங்கும் வயிறுகளில் ஒட்டியிருக்கிறது.

பை வந்தால் போதுமா? 1951இல் நியூயோர்க்கின் மவுண்ட் சினாய் வைத்தியசாலையில் இலியொஸ்டமி செய்துகொண்டவர்கள் சேர்ந்து குழு அமைத்தார்கள். கியூ, டி என்ற இரண்டு வார்டுகளின் எழுத்துகளே குழுவின் பெயர். புதிதாக ஒப்பரேஷன் செய்தவரின் கட்டிலருகே பழையவர் ஒருவர் போய் உட்காருவார். உடுத்து, நடந்து, வேலைக்குப் போகிற ஒரு மனிதர் “எனக்கும் இருக்கிறது” என்று சொல்வதற்கு டொக்டரின் ஆயிரம் விளக்கமும் ஈடாகாது. டேர்ன்புல்லிடம் 1954இல் ஒப்பரேஷன் செய்துகொண்ட நோர்மா கில் இப்படித்தான் மற்றவர்களைத் தேடிப்போய் உதவினார். 1958இல் டேர்ன்புல் அவரையே வேலைக்கு எடுத்தார். 1961இல் இருவரும் இதற்கென ஒரு பயிற்சிப் பாடசாலை தொடங்கினார்கள். நோயாளி ஆசிரியையானார். ஒக்டோபர் முதலாம் சனிக்கிழமை இவர்களுக்கான உலக தினம், 1993இல் தொடங்கியது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒப்பரேஷன் முடிந்து வந்தவர் கல்யாண வீட்டுக்கு வருவதில்லை. பஸ்ஸில் ஏறுவதில்லை. “வாப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை” என்ற ஒரே வசனத்தை வீட்டார் ஆண்டுக்கணக்கில் சொல்வார்கள். எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, அவர் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்திவிடுவது. “நான் நஜீஸோடு இருக்கிறேன், எனக்குத் தொழுகை கூடாது” என்று அவரே தீர்ப்பெழுதிக்கொள்வார்.

அந்தத் தீர்ப்பை நம் மார்க்கம் எழுதவில்லை. தொடர் உதிரப்போக்கு இருந்த ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் என்ற ஸஹாபிப் பெண் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் நேரே போய்த் தன் நிலையைக் கேட்டார். தொழுகையை விடச் சொல்லவில்லை. ஒவ்வொரு தொழுகைக்கும் வுழூ செய்து தொழும் வழி காட்டப்பட்டது. அதே நிலையிலிருந்த நபியவர்களின் மனைவியரில் ஒருவர் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்ததும், சில வேளை கீழே ஒரு பாத்திரம் வைக்கப்பட்டதும் புகாரியில் பதிவாகியுள்ளது. பள்ளிவாசலுக்குள், பாத்திரத்தோடு! இன்றைய பை அதைவிட எவ்வளவு இறுக்கமானது.

இன்னொன்று. நம் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் ஷாஃபிஈ நூலான மின்ஹாஜில், 1277இல் மறைந்த இமாம் நவவி, வழமையான வாசல் அடைபட்டு வயிற்றுக்குக் கீழே வேறு வாசல் திறந்தால் வுழூவின் சட்டம் என்ன என்று எழுதியிருக்கிறார். அவர் கண்முன் இருந்தது ஒப்பரேஷன் அல்ல, நோயால் தானாகத் திறக்கும் வாசலாக இருக்கலாம். ஆனால் லிட்ரேக்கு 400 ஆண்டுகளுக்கு முன்னரே, டமஸ்கஸில் ஒரு ஆலிம் முகம் சுளிக்காமல் இதைப் பாடமாக்கியிருந்தார். வுழூ, பை மாற்றும் நேரம் போன்ற நுணுக்கங்களை மௌலவிமார் சொல்லட்டும். ஜும்ஆ மேடையில் ஒருமுறை சொன்னாலே வீட்டில் முடங்கிய நாலு பேருக்குக் கதவு திறக்கும்.

பாடசாலையிலும் வேலை இருக்கிறது. மலவாசல் குறையோடும், டென்மார்க் குழந்தை வைத்தியர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886இல் விவரித்த, பெருங்குடலில் நரம்புக் கலங்கள் இல்லாத நோயோடும் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில காலம் இந்த வாசல் வைக்கிறார்கள். பெரும்பாலும் பாடசாலை வயதுக்கு முன் மூடிவிடுவார்கள். மூடாத ஒரு பிள்ளை தரம் ஒன்றுக்கு வந்தால், “டீச்சர், போகட்டுமா?” என்று கேட்கும்போது “இண்டர்வலுக்குப் போ” என்ற பதில் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை வாசித்தால் ஒரு சின்ன விண்ணப்பம். கழிவறைகளில் ஒன்றையாவது இப்படி அமையுங்கள்: ஒழுங்கான தாழ்ப்பாள், சட்டை கொழுவ ஒரு கொக்கி, பையை வைக்க இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு, குழாய், மூடியுள்ள குப்பை வாளி, ஒரு கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்று கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். வாசல் இருப்பது அடிவயிற்றில். வயிறு கொஞ்சம் பெருத்தவருக்குக் குனிந்தாலும் அது தெரியாது.