நரகபயமும் அபயப்ரதானமும்: ஆரணிப் பகுதிச் சரித்திரத்தை முன்னிட்டு ஒரு விசாரம்



கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி பட்டுத்தறிக்குப் பேர்போன ஊர். பழைய வடஆற்காடு ஜில்லாவில் ஜாகீராக இருந்த இவ்வூர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆற்காடு மிஷன் என்னும் அமெரிக்க கிறிஸ்தவ ஸபையின் ஆரம்பகால நிலையங்களில் ஒன்றாயிற்று. ஈச்வரனை அறியாதார்க்கு நரகம் நிச்சயம் என்று சொல்லி ஒருவரை ஒரு மதத்தில் சேர்ப்பது தர்மமாகுமா என்னும் கேள்வி, தறியும் திருமாலடியார் பஜனையும் ஒருங்கே நடந்துவந்த இப்பகுதியில் ஏட்டுக் கேள்வியாக நில்லாமல் வீதிக் கேள்வியாகவே வந்தது. அதை விசாரிக்குமிடத்து, பிறர் செய்ததை மட்டும் பார்த்து நம்மவர் சொன்னதையும் செய்ததையும் மறைத்தால் அது விசாரமாகாது. ஆகையால் சரித்திரத்தை முதலிலும், பூர்வபக்ஷத்தை அடுத்தும், ப்ரமாணங்களைப் பின்னரும் வைத்து நிர்ணயிப்பதே முறை.

சரித்திரம்

ஜான் ஸ்கட்டர் என்னும் வைத்தியர் 1819 ஆம் ஆண்டு அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இருந்து, 1836 இல் சென்னைக்கு வந்தார். ஊர் ஊராய்ச் சென்று தமிழில் அச்சிட்ட சிறு புஸ்தகங்களை விநியோகிப்பது அவர் வழக்கம். இந்நாட்டார் நித்யநாசத்துக்குப் போகிறார்கள், அவர்களைக் காக்க வாருங்கள் என்பதே தம் தேசத்துச் சிறுவர்களுக்கு அவர் எழுதியவற்றின் ஸாரம். அவர் குமாரர்களான ஹென்றி மார்டின், வில்லியம், ஜோசப் ஆகிய மூவரும் 1853 இல் ஆற்காடு மிஷனை அமைத்தனர். பள்ளிக்கூடங்களைப் பெருக்குவதைவிட, ஜனங்களின் பாஷையில் கடைவீதிகளில் ப்ரஸங்கம் செய்வதே தங்கள் முதற்காரியம் என்று அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். ஹென்றி மார்டின் ஸ்கட்டர், கடைவீதி ப்ரஸங்கிகளுக்கென்றே தமிழில் ஒரு நூல் இயற்றினார். தமிழ்ச் செய்யுள்களையே மேற்கோளாக எடுத்து இந்நாட்டார் மதங்களைக் கண்டிக்கும் அந்நூல், 1869 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

இம்முறை இவர்கள் கண்டதன்று. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், 1713 இல் அங்கே தமிழில் அச்சிட்ட முதற் புஸ்தகங்களில் ஒன்று, அக்ஞானம் எவ்வளவு அருவருக்கத்தக்கது, அதிலிருந்து அக்ஞானிகள் எவ்வாறு மீளலாம் என்பதைச் சொல்வது. அவர் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர் எழுதிய மறுமொழிக் கடிதங்களும் ஜெர்மன் பாஷையில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சேறின. ஜனங்களுக்கு ஜனங்கள் வழி வேறாக இருக்கலாம், அவ்வளவு பேரையும் ஈச்வரன் தள்ளிவிடுவானா என்னும் கருத்து அக்கடிதங்களில் காணப்படுகிறது.

இவற்றிலும் முந்தியது ஒன்று உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542 முதல் உழைத்த பிரான்சிஸ் சவேரியார், பின்பு ஜப்பானுக்குச் சென்று திரும்பி, 1552 இல் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி சொல்லுகிறார். அங்கே புதிதாக மதம் புகுந்தவர்கள், இம்மார்க்கத்தை அறியாமலே இறந்துபோன தங்கள் தாய் தந்தையர்க்கு நரகத்திலிருந்து மீட்சி உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று அவர் சொல்ல, அவர்கள் அழுதார்கள். நண்பர் அழுவதைக் கண்டு தமக்கும் கண்ணீர் வரும்போலிருந்தது என்று அவரே எழுதுகிறார். சொன்னவர் நெஞ்சையும் சுட்ட வார்த்தை அது.

பூர்வபக்ஷம்

மிஷனரிகள் பக்ஷம் பலவீனமானதன்று. வீடு பற்றி எரிகிறது; உள்ளே ஒருவன் உறங்குகிறான். அவன் பயப்படுவான் என்று கூச்சலிடாமல் இருப்பவன் தயாளுவாவானா? நரகம் மெய் என்று நம்புகிறவன் அதைச் சொல்லாமல் இருப்பதே க்ரௌர்யம். நாடும் உறவும் விட்டு, பிள்ளைகளை இந்த மண்ணில் புதைத்து, வெயிலில் அலைந்தவர்களைப் பொய்யர் என்று தள்ளுவது ந்யாயமன்று.

மேலும் பூர்வபக்ஷி நம்மையே ஸாக்ஷியாக அழைக்கலாம். கருடபுராணம் யமலோகத்தை எவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறது! திருமங்கையாழ்வார் பெரிய திருமொழி முதற்பத்து ஆறாம் திருமொழியில் யமகிங்கரர் செய்யும் ஹிம்ஸைகளை நினைந்து நடுங்குகிறார். நாராயணன் திருநாமத்தைப் பிள்ளைக்கு இட்ட தாய் நரகம் புகாள் என்று பெரியாழ்வாரும் தம் திருமொழி நான்காம் பத்து ஆறாம் திருமொழியில் அருளிச்செய்கிறார். சைவரும் வைஷ்ணவரும் வாதத்தில் ஒருவரையொருவர் நரகத்துக்கு அனுப்பியதும் உண்டு. ஆகையால் பிறர் செய்தால் குற்றம், நாம் செய்தால் குணமோ என்பது கேள்வி.

ப்ரமாண விசாரம்

முதலாவது, பயம் யார் பயம் என்பதைப் பார்க்கவேண்டும். திருமங்கையாழ்வார் நைமிசாரண்யத்து எம்பெருமான் முன்னே நின்று சொல்லும் நரகபயம் அவர் தம் பயம். தாம் செய்தவற்றை எண்ணித் தாமே அஞ்சித் திருவடி பற்றுகிறார். எதிரே ஒருவனை நிறுத்தி, உனக்கு நரகம் என்று சொல்லவில்லை. பெரியாழ்வார் வார்த்தையோ புகாள் என்று முடிகிறது. நரகத்தை எடுப்பதே அதை விலக்குவதற்கு. அவர் திருப்பல்லாண்டில் பயம் இன்னும் ஒருபடி மாறி, எம்பெருமானுக்கு என் வருமோ என்னும் ப்ரேமபயமாகிறது. பக்தி முதிர முதிரத் தன்னைப் பற்றிய பயம் ஒழியும் என்பதே இதனால் தேறும் பொருள்.

இரண்டாவது, நரகத்தின் ஸ்வரூபம். மாத்வ ஸித்தாந்தத்தில் சிலர்க்கு மீளா இருள் சொல்லப்பட்டாலும், ஸ்ரீபாஷ்ய ஸித்தாந்தத்தில் நரகம் கர்மபலம், அநுபவித்துத் தீருமது. அதுவும் பகவந்நாமத்தின் முன் நில்லாது. யமனும் முத்கலனும் பேசிக்கொண்டதை நரகத்தில் கிடந்தவர்கள் கேட்க, அந்நரகமே ஸ்வர்க்கமாயிற்று என்னும் இதிஹாஸத்தைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலை பன்னிரண்டாம் பாசுரத்தில் ஸூசிப்பிக்க, வ்யாக்யானம் அதை விரிக்கிறது. அவர்கள் மதம் மாறவில்லை, நாமத்தைச் சொல்லவுமில்லை, பிறர் பேச்சில் வந்த நாமம் காதில் விழுந்த மாத்ரமே. ஜப்பானியர் அழுத கேள்விக்கும் நம்மாழ்வார் இரண்டாம் பத்து ஏழாம் திருவாய்மொழி தொடக்கத்தில் விடையுண்டு: ஒருவனுக்கு வந்த பகவத் ஸம்பந்தம் அவனுக்கு முன்னும் பின்னும் ஏழேழ் பிறப்பினரையும் தொடும். பிள்ளை உஜ்ஜீவித்ததால் தகப்பன் கைவிடப்பட்டான் என்பது அங்கில்லை.

மூன்றாவது, அச்சுறுத்தினவன் யார், அடைக்கலம் தந்தவன் யார் என்பது. விபீஷணன் அஞ்சித்தான் வந்தான். அவனை அஞ்சப்பண்ணினவன் ராவணன். அபயம் தந்தவன் பெருமாள். இந்தச் சரணாகதியைப் பற்றியே வேதாந்த தேசிகன் அபயப்ரதான ஸாரம் என்று ஒரு ரஹஸ்யம் அருளிச்செய்தார். கீதையில் ஆர்த்தனும் உதாரன் என்றே எண்ணப்பட்டான். ஆகையால் பயந்து வருகிறவனைத் தள்ளுவது சாஸ்த்ரமன்று. ஆனால் வரவழைப்பதற்காக ராவணன் தொழிலைப் பெருமாள் அடியார் ஏற்கலாகாது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் வரும். ஸுந்தரகாண்டத்தில் பிராட்டியே ராவணனுக்கு உபதேசிக்குமிடத்து, கொடிய மரணம் வேண்டாமென்றால் பெருமாளோடு நட்புக்கொள் என்கிறாளே, அது பயமுறுத்தல் அன்றோ? அன்று. சொல்லுகிறவள் சிறையிருப்பவள்; கேட்கிறவன் சிறைவைத்தவன். எளியவன் வலியவனுக்கு அவன் செய்த குற்றத்தின் பலத்தைச் சொல்வது ஹிதம். அதுவே வலியவன் எளியவனுக்கு, அவன் பிறந்த குலத்தையும் தொழுத தெய்வத்தையும் குற்றமாக்கிச் சொன்னால் ஹிம்ஸை. அப்பிராட்டியின் புருஷகாரத்தை விவரிக்கும் பிள்ளைலோகாசார்யர், உபதேசத்தாலே மீளாதபோது சேதநனை அருளாலே திருத்துவள் என்று ஸ்ரீவசநபூஷணத்தில் காட்டினார். உபதேசம் பலியாவிடில் அடுத்த ஸாதனம் அருள். தண்டனையைக் காட்டுதல் அந்த வரிசையிலேயே இல்லை.

இதற்கு அநுஷ்டானம் எம்பெருமானார் திவ்யசரித்ரம். உறங்காவில்லி தாஸர் பொன்னாச்சியாருக்குக் குடை பிடித்து வந்தபோது, விஷயாந்தரத்தில் விழுந்தவனுக்கு நரகம் என்று உடையவர் சொல்லவில்லை. அதிலும் அழகிய கண்களைக் காட்டுகிறோம் என்று பெரியபெருமாள் திருமுன்பே கொண்டுபோய் நிறுத்தினார். திருக்கோட்டியூரிலோ நரகபயம் நேரே வந்தது. ரஹஸ்யார்த்தத்தை வெளியிட்டால் நரகம் என்று நம்பி விதித்திருக்க, எம்பெருமானார் அதைப் பலரறிய வெளியிட்டு, இத்தனை பேர் உஜ்ஜீவிக்க நான் ஒருவன் நரகம் புகுந்தால் என்ன என்றார். கதவை அடைப்பதற்கு வைத்த பயத்தைக் கதவு திறப்பதற்குத் தாம் கொடுக்கும் விலையாக அவர் மாற்றினார். நரகத்தைப் பற்றிப் பேச அதிகாரி யார் என்றால், பிறர்க்காக அதைத் தான் ஏற்கத் துணிந்தவனே.

நம்மவர் கணக்கு

இவ்வளவும் சொல்லி நிறுத்தினால் பாதி விசாரமே. ஆற்காடு மிஷனில் சேர்ந்தவர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். கிராமங்களின் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். அவர்களை அழைத்தது மறுமை நரகத்தின் வர்ணனை மட்டுமே என்று கொள்வது சரித்திரத்துக்குப் பொருந்தாது. பொதுக் கிணற்றில் நீரில்லை, வீதியில் வழியில்லை, கோயிலில் இடமில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நரகம் அவர்களுக்கு வர்ணித்துக் காட்டவேண்டிய பொருளாகவா இருந்தது? சென்னை மாகாணத்தில் 1939 லும் 1947 லும் ஆலயப்ரவேசத்துக்குச் சட்டம் வேண்டியிருந்தது. திருநாராயணபுரத்தில் திருக்குலத்தாரைக் கோயிலுக்குள் அழைத்த ஆசார்யனின் சிஷ்யர்களுக்குச் சட்டம் சொல்லவேண்டி வந்தது லஜ்ஜைக்குரியது. இம்மையில் நரகத்தை நடத்தியவர்க்கு, மறுமை நரகத்தைப் பேசினவரைக் குறைகூற வாயில்லை. பிணம் கிடக்கும் வீட்டில் கருடபுராணத்தைச் சொல்லி, அழுகிறவர்களை அச்சுறுத்தித் தானத்தைக் கூட்டுவதும் இதே குற்றத்தின் உள்ளூர் வடிவம்.

சட்டமும் தர்மமும்

1967 இல் ஒரிஸாவிலும் 1968 இல் மத்திய ப்ரதேசத்திலும் இயற்றப்பட்ட மதமாற்றச் சட்டங்கள், பலவந்தம் என்பதில் தெய்வக்கோபத்தைச் சொல்லி மிரட்டுவதையும் சேர்த்தன. 1977 இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லும் என்றது. தமிழ்நாட்டில் 2002 இல் வந்த சட்டத்திலும் அதே வாசகம் இருந்தது. 2004 இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. கத்தோலிக்க ஸபையும் 1965 இல் தன் வத்திக்கான் மஹாஸபையில், மத விஷயத்தில் எவரையும் நிர்ப்பந்திக்கலாகாது என்று அறிவித்தது. நிர்ப்பந்தம் தகாது என்பதில் இப்போது எல்லோரும் ஒன்றே. ஆனால் தெய்வக்கோபத்தைச் சொன்னவனை அதிகாரி பிடிக்கலாம் என்றால், பௌராணிகனையும் பிடிக்கவேண்டி வரும். எது ஹிதம், எது மிரட்டல் என்பதைச் சொல்லுகிறவன் நெஞ்சையன்றி வேறெதால் அளப்பது? ஆகையால் இது முதலில் ஆசார்யர்கள் தம்மவர்க்கு விதிக்கவேண்டிய நியமம்.

நிர்ணயம்

தன் பாபத்தை எண்ணித் தான் அஞ்சுவது ஸாத்விகம். செய்த குற்றத்தின் பலத்தை, கேட்பவன் நன்மையே கருதி, அபயத்தோடு சேர்த்துச் சொல்வது ஹிதம். பிறப்பையும் அறியாமையையும் குற்றமாக்கி, மீளா நரகம் காட்டி, மீட்சி என் கையில் மட்டுமே என்று ஆள் சேர்ப்பது, சொல்லுகிறவன் மெய்யாகவே நம்பிச் சொன்னாலும், தர்மமன்று. எரியும் வீட்டின் த்ருஷ்டாந்தமும் அங்கே பொருந்தாது. நெருப்பு எழுந்தவன் கண்ணுக்குத் தெரியும். அவன் எந்த வாசலாலும் ஓடலாம். நரகமோ சொன்னவன் வாயிலேயே இருக்கிறது. வாசலும் அவன் காட்டியதொன்றே. பயத்தில் தோய்த்த பக்தி, பதமறியாமல் தோய்த்த பட்டு. முதல் நனைப்பிலேயே சாயம் போகும் என்பது ஆரணித் தறிக்காரர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சரித்திரமும் இதற்கே ஸாக்ஷி சொல்கிறது. ஜான் ஸ்கட்டரின் பேத்தி ஐடா ஸ்கட்டர் 1900 இல் வேலூரில் சிறிய வைத்தியசாலை தொடங்கி, 1918 இல் பெண்களுக்கு வைத்தியக் கல்வியும் ஏற்படுத்தினார். பாட்டனார் விநியோகித்த புஸ்தகங்களை இன்று ஆரணியில் நினைப்பார் அரியர். பேத்தி திறந்த ஆஸ்பத்திரிக்கோ, நெற்றியில் திருமண் இட்டவரும் திருநீறு இட்டவரும் இன்றும் பிணியாளரை அழைத்துக்கொண்டு போகிறார்கள். அஞ்சினவனுக்கு அஞ்சேல் என்ற கையே நிலைத்தது. அந்த அபயஹஸ்தத்தைத் திருக்கோயில்தோறும் ஸேவிக்கும் நம்மவர், அதை யார் யாருக்கு நீட்டாமல் இருந்தோம் என்பதை எண்ணுவதே இவ்விசாரத்தின் பலன்.